'நாளை மதியம்' என்று வந்த ஜெபக்குறிப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

2021 ஆகஸ்ட் 15, ஞாயிற்றுக்கிழமை. காபூல் தாலிபான்கள் கைக்குப் போனது. கிளம்பிக்கொண்டிருந்த விமானத்தைப் பிடித்துத் தொங்கியவர்களின் வீடியோவை மறுநாள் உலகமே பார்த்தது. அதற்கும் அடுத்த நாள் இரவு ஒன்பதரை மணி வாக்கில், சென்னையில் இருக்கும் என் சித்தப்பா மகனிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு ஜெபக்குறிப்பு வந்தது. ஆப்கானிஸ்தானில் 229 கிறிஸ்தவ மிஷனெரிகளுக்கு இஸ்லாமியத் தீவிரவாதிகள் மரண தண்டனை விதித்துவிட்டார்கள், நாளை மதியம் நிறைவேற்றப் போகிறார்கள், இதை உடனே எல்லாருக்கும் அனுப்பி ஜெபிக்கச் சொல்லுங்கள் என்று இருந்தது.

நான் பாளையங்கோட்டையில் ஒரு சபையின் கமிட்டியில் இருக்கிறேன். ஜெபக்குழுவின் வாட்ஸப் குரூப்புக்கு நான்தான் அட்மின். அப்போது அதில் 140 பேர். கொரோனா காலம் ஆனதால் ஆலயத்தில் கூடுவது குறைந்துபோய், சபையே அந்தக் குரூப்புக்குள் குடிவந்துவிட்டது போல இருந்தது.

செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தது. பல கை மாறி வந்தது என்பதற்கான அடையாளம் அது. அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரே இடத்துக்குத்தான் அனுப்ப முடியும். 229 உயிர் போகிற நேரத்தில் இதென்ன தடை என்று தோன்றியது. வாசகத்தைக் காப்பி எடுத்து, நானே எழுதியது போல ஒட்டி, பதினோரு இடங்களுக்கு அனுப்பினேன். என் ஸ்டேட்டஸிலும் போட்டேன். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் ஆகியிருக்கும்.

செய்தி பொய். அந்த மூன்று நிமிடம் என்னவெல்லாம் செய்தது, அதைச் சரிசெய்ய எவ்வளவு காலம் பிடித்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு கிறிஸ்தவன் சோஷியல் மீடியாவில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பேச்சு வந்தால், கெட்ட வார்த்தை, ஆபாசம், வீண் சண்டை, நேரம் போவது என்றுதான் சபைகளில் பேசுகிறோம். வாலிபர் கூட்டங்களில் நானே அப்படிப் பேசியிருக்கிறேன். நான் தவறியதோ ஜெபத்தின் பேரில். அதனால்தான் தவறுகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று இரவு குரூப்பில்

பத்து நிமிடத்துக்குள் 'ஆமென்', 'இயேசப்பா இரங்கும்' என்று நாற்பது பதில்கள் வந்துவிட்டன. அவற்றின் நடுவே, நர்சிங் படிக்கிற ஒரு பெண் கேட்டாள்: "அங்கிள், இவங்க எந்த மிஷன்ல இருந்து போனவங்க? ஒருத்தர் பேராவது தெரியுமா?"

கமிட்டியில் இருக்கும் மூத்தவர் ஒருவர் உடனே பதில் போட்டார்: "ஜெபிக்கச் சொன்னா ஜெபிக்கணும்மா. கேள்வி கேட்டுட்டு இருக்கிற நேரமா இது?" அவருடைய பதிலுக்குக் கீழே நான் கைகூப்பும் படத்தைப் போட்டேன். அந்தப் பெண் அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை. இந்த நிகழ்வில் நான் செய்த தவறுகளில் இதை முதலாவதாகவே வைக்கிறேன், செய்தியை அனுப்பியதற்கும் முன்னால். கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவள். பெரியவர்கள் இருவர் சேர்ந்து அவள் வாயை அடைத்தோம்.

மறுநாள் உபவாசம் என்று சிலர் தாங்களாகவே முடிவுசெய்தார்கள். அவர்களில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியம்மாவும் உண்டு. சர்க்கரை நோயாளி. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் முழங்காலில் இருந்திருக்கிறார். மத்தியானம் தலைசுற்றி விழப்போனவரை மருமகள்தான் பிடித்துக் குளுக்கோஸ் கொடுத்திருக்கிறாள். இது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரியவந்தது.

ஏன் எங்களை அது அவ்வளவு சீக்கிரம் பிடித்தது

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளுக்கு 'மிஷனெரி' என்ற சொல்லின் பாரம் வேறு. இந்திய மிஷனெரி சங்கம் 1903-ல் இங்கேதான் பிறந்தது. வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அவரோடு இருந்தவர்களும் வெள்ளைக்காரர் பணத்தை எதிர்பார்க்காமல், நம் ஜனங்களின் காணிக்கையிலேயே ஆள் அனுப்பவேண்டும் என்று தொடங்கியது அது. தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பக்கம் போன முதல் ஊழியர்களைத் தாங்கியது இந்தச் சீமையின் கிராமத்துச் சபைகள். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று எடுத்துவைக்கும் வழக்கத்தை நான் என் பாட்டியிடம் பார்த்திருக்கிறேன். வடநாட்டில் ஊழியம் செய்கிற குடும்பங்களின் படம் இன்றைக்கும் எத்தனையோ வீடுகளில் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும்.

இப்படிப்பட்ட ஜனங்களிடம் போய் '229 மிஷனெரிகள், நாளை மதியம்' என்றால் யோசிப்பார்களா? பொய்ச்செய்தி நம்முடைய கெட்ட குணத்தைப் பிடித்துத்தான் உள்ளே வரும் என்று நினைத்திருந்தேன். எங்களிடம் அது எங்கள் நல்ல குணத்தைப் பிடித்து வந்தது. அன்பு, தியாகம் செய்தவர்மேல் இருக்கிற மரியாதை, 'நாம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடக் கூடாதே' என்ற பதற்றம், எல்லாவற்றையும் அது பயன்படுத்திக்கொண்டது.

பாய் கேட்ட கேள்வி

எங்கள் தெருமுனையில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் பாய் மேலப்பாளையத்துக்காரர். பதினைந்து வருடப் பழக்கம். என் நம்பர் அவரிடம் உண்டு, ஆகவே என் ஸ்டேட்டஸை அவரும் பார்ப்பார் என்பது அந்த இரவு என் நினைவிலேயே இல்லை. இரண்டு நாள் கழித்து ஒரு சுவிட்ச் வாங்கப் போனேன். பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார்: "சார், அந்த 229 பேருக்கு என்ன ஆச்சு? நியூஸ்ல தேடிப் பார்த்தேன், ஒண்ணும் காணல. வீட்ல சொன்னேன், அவங்களும் துஆ செஞ்சாங்க."

எனக்குப் பதில் இல்லை. அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று நான் தேடவே இல்லையே. 'நாளை மதியம்' வந்து, போய், அதற்கு மறுநாளும் ஆகிவிட்டது. 140 பேரில் ஒருவர்கூட, நான் உட்பட, முடிவு என்ன என்று கேட்கவில்லை. அக்கறை உண்மையாக இருந்திருந்தால் அந்த மதியத்தைக் கவலையோடு கடந்திருப்போம். பிள்ளைக்கு ஆபரேஷன் என்றால் எத்தனை மணிக்கு வெளியே வருவான் என்று கேட்காத தகப்பன் உண்டா? அந்த 229 பேருக்காக அக்கறையோடு செய்தித்தாளைப் புரட்டியவர் பாய்தான். என் ஸ்டேட்டஸில் இருந்த செய்தியோ அவருடைய மதத்துக்காரரைக் கொலைகாரர் என்று சொல்லியிருந்தது.

வீட்டுக்கு வந்து அன்றைக்குத்தான் தேட உட்கார்ந்தேன்.

செய்தியின் வயது

அரைமணி நேரத்தில் கிடைத்துவிட்டது. அந்தச் செய்தி 2009 முதலே சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்போது அதில் 22 மிஷனெரிகள் இருந்தார்கள். நாடு அதே ஆப்கானிஸ்தான், நேரம் அதே 'நாளை மதியம்'. பிறகு எண்ணிக்கை மாறிமாறி, 2021-ல் 229 ஆகி நின்றது.

அதன் வேரில் ஒரு மெய்யான துயரம் இருக்கலாம் என்று, இப்படிப்பட்ட செய்திகளைச் சரிபார்ப்பவர்கள் சொல்கிறார்கள். 2007 ஜூலை 19 அன்று, தென்கொரியாவின் சேம்முல் சபையிலிருந்து போன 23 பேரைக் கஸ்னி மாகாணத்தில் பஸ்ஸோடு தாலிபான்கள் பிடித்துக்கொண்டார்கள். ஜூலை 25 அன்று அவர்களோடு போயிருந்த போதகர் பே ஹியோங்-கியுவைச் சுட்டுக் கொன்றார்கள். மீதி 22 பேர். சில நாளில் இன்னொருவரும் கொல்லப்பட்டார். மற்ற 21 பேரும் ஆகஸ்ட் முடிவதற்குள் விடுதலையானார்கள். அந்த 22 பேருக்காக உலகமெங்கும் எழுந்த ஜெப அழைப்பு, காரியம் முடிந்த பிறகும் நிற்காமல், பெயரும் தேதியும் உதிர்ந்து சுற்ற ஆரம்பித்திருக்கலாம்.

எனக்கு உறைத்தது 'நாளை' என்ற சொல். தேதி போட்ட செய்தி பழசாகும். 'நாளை' என்று எழுதிய செய்தி பழசாவதே இல்லை. பத்து வருடம் கழித்துத் திறந்தாலும் அது நாளைக்குத்தான் நடக்கப்போகிறது. ஊர் பெயர் இல்லை, அனுப்பிய சங்கத்தின் பெயர் இல்லை, 229 பேரில் ஒருவருடைய பெயரும் இல்லை. இருக்கிற ஒரே தெளிவான விவரம், 'உடனே அனுப்பு' என்ற கட்டளை.

இன்னொன்றும் 2021 செப்டம்பரில் வெளியே வந்தது. ஃபேஸ்புக் நிறுவனத்துக்குள்ளேயே 2019-ல் தயாரான ஓர் அறிக்கை அது. அமெரிக்கக் கிறிஸ்தவர்களை நோக்கி நடத்தப்பட்ட மிகப் பெரிய 20 பக்கங்களில் 19 பக்கங்களை, கொசோவோ, மாசிடோனியா பக்கம் உட்கார்ந்து கூட்டம் சேர்ப்பதையே தொழிலாகச் செய்தவர்கள் நடத்தியிருக்கிறார்கள். வசனமும் சிலுவைப் படமும் ஜெப அழைப்பும் அவர்களுக்குச் சரக்கு. 'ஆமென் போடுங்கள், பகிருங்கள்' என்பதற்கு நாம் எவ்வளவு வேகமாகக் கைநீட்டுகிறோம் என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

'இருக்கட்டுமே, ஜெபம் வீணாகுமா?'

திருத்தம் போடவேண்டும் என்று கமிட்டியில் சொன்னபோது எழுந்த முதல் மறுப்பு இது. பெண்ணைக் கண்டித்த அதே மூத்தவர் சொன்னார்: "சரி, செய்தி தப்பாவே இருக்கட்டும். ஜெபிச்சதுல என்ன நஷ்டம்? கர்த்தர் அதை வேற யாருக்காவது திருப்பிவிடுவார்." இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. அவர் சொன்னதில் விசுவாசம் இருக்கிறது. ஆப்கானிஸ்தானில் அந்த வாரம் ஜெபம் தேவைப்பட்டவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள் என்பதும் மெய்.

ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏனென்றால் மெய்யான ஜெபக்குறிப்பு எப்படி இருக்கும் என்று நமக்கே தெரியும். சிவகங்கை மாவட்டத்துக்காரரான அலெக்சிஸ் பிரேம்குமார், இயேசு சபை (ஜெசூட்) என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் குருவானவர், இங்கே இலங்கை அகதிகள் முகாம்களில் வேலை செய்துவிட்டு ஆப்கானிஸ்தான் போனவர். அகதிகளுக்கான இயேசு சபை அமைப்பின் பொறுப்பில் இருந்தார். 2014 ஜூன் 2 அன்று ஹெராத் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போன இடத்தில் கடத்தப்பட்டார். அவருக்குப் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, அழுதுகொண்டிருந்த குடும்பம் இருந்தது, பதில் சொல்லக்கூடிய அமைப்பு இருந்தது. எட்டு மாதத்துக்கு மேல் காத்திருந்து, 2015 பிப்ரவரி 22 அன்று விடுதலை என்று கேட்டபோது ஸ்தோத்திரம் சொல்ல முடிந்தது. பெயர் தெரியாத 229 பேருக்காக யாரும் ஸ்தோத்திரம் சொல்ல முடியாது. அவர்களுக்கு விடுதலையும் இல்லை, அடக்கமும் இல்லை.

அதைவிட வேதனையானது கேரளத்தைச் சேர்ந்த சலேசியக் குருவானவர் டாம் உழுன்னாலிலின் காரியம். 2016 மார்ச் 4 அன்று ஏமன் நாட்டின் ஏடனில், அன்னை தெரசா சபைக் கன்னியர் நால்வர் உட்பட 16 பேரைக் கொன்றுவிட்டு, அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பெரிய வெள்ளிக்கிழமையன்று அவரைச் சிலுவையில் அறைந்துவிட்டார்கள் என்ற செய்தி உலகம் முழுக்கப் பரவியது. வியன்னா பேராயர்கூட அதை நம்பிச் சொல்லிவிட்டார். பொய். 2017 செப்டம்பரில் அவர் உயிரோடு திரும்பி வந்தார். அவருடைய குடும்பத்தார் அந்த வெள்ளிக்கிழமையை எப்படிக் கழித்திருப்பார்கள்? அந்தச் செய்தியை 'ஆமென்' போட்டு அனுப்பியவர்கள் எல்லாரும் ஜெபிக்கிறவர்கள்தான்.

2010 ஆகஸ்ட் 5-ஐயும் கமிட்டியில் சொன்னேன். அன்றைக்கு ஆப்கானிஸ்தானின் பதக்சான் மலைப்பகுதியில், கண் சிகிச்சை முகாம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த மருத்துவக் குழுவில் 10 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குழுத் தலைவர் டாம் லிட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த நாட்டில் கண் பார்வைக்காக உழைத்தவர். அவர்களை அனுப்பிய கிறிஸ்தவ அமைப்பு 1966 முதல் அங்கே இருந்தது. மெய்யாக அங்கே மரித்தவர்கள் இவர்கள். எங்கள் கமிட்டியில் இருந்த எட்டுப் பேரில் ஒருவருக்கும் இவர்களுடைய பெயர் தெரிந்திருக்கவில்லை. இதைத்தான் நஷ்டம் என்கிறேன். நம் இரக்கத்துக்கு ஓர் அளவு உண்டு. இல்லாதவர்கள் அதை எடுத்துக்கொண்டு போனால், இருக்கிறவர்களுக்கு மிச்சம் இல்லாமல் போகிறது.

யாருக்கு விரோதமான சாட்சி

"பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்ற ஒன்பதாம் கட்டளையை ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். கோர்ட் கூண்டில் ஏறுகிறவனுக்குச் சொன்னது என்று நினைத்துவிட்டோம். யாத்திராகமம் 23-ம் அதிகாரம் "அபாண்டமான சொல்லை ஏற்றுக்கொள்ளாயாக" என்று தொடங்குகிறது. சொல்வதற்கு முன்னால், ஏற்றுக்கொள்வதையே தடுக்கிறது. ஃபார்வர்டு பட்டனைத் தொடுகிறவன் அந்த வாசகத்துக்குத் தன் பெயரைக் கொடுக்கிறான். என் பெயரைப் பார்த்துத்தான் 140 பேர் நம்பினார்கள், செய்தியைப் பார்த்து அல்ல.

ஜெபக்குறிப்பு என்று வரும்போது, அதில் குற்றவாளியாக நிறுத்தப்படுகிறவன் ஒருவன் இருக்கிறான் என்பது கண்ணில் படுவதில்லை. 2010-ஐ ஒட்டித் தொடங்கிய இன்னொரு செய்தி உண்டு. இந்தியாவில் புத்தமதத் தீவிரவாதிகள் நேற்றிரவு 20 ஆலயங்களை எரித்துவிட்டார்கள், இன்றிரவு 'ஒலிசபாங்' மாகாணத்தில் 200 ஆலயங்களை அழிக்கப் போகிறார்கள், ஜெபியுங்கள் என்று. ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் அதை நம்பி முழங்கால்படியிட்டவர்கள் உண்டு. இந்தியாவில் அப்படி ஒரு இடமே கிடையாது. மெய்யாக ஆலயங்கள் எரிந்த இடம் ஒடிசாவின் கந்தமால், 2008 ஆகஸ்டில். அரசுக் கணக்கிலேயே 39 பேர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் காட்டுக்குள் ஓடினார்கள். இல்லாத மாகாணத்துக்காக ஜெபித்தவர்களில் எத்தனை பேர் கந்தமாலைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? அந்தப் பொய் நடுவில் ஒரு முழு மதத்தையே குற்றவாளியாகவும் நிறுத்திவிட்டது.

இதெல்லாம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இலங்கையில் நடந்ததைச் சொல்லவேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் சபை மூன்றிலும் இஸ்லாமியத் தீவிரவாதிகளின் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. ஹோட்டல்களையும் சேர்த்து 250-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சீயோன் சபையில் இறந்தவர்களில் பலர் பிள்ளைகள். அதற்கு மூன்று வாரம் கழித்து, மே 12 அன்று, கிறிஸ்தவர்கள் அதிகமாக வாழும் சிலாபத்தில், ஃபேஸ்புக்கில் ஒரு வாக்குவாதம். ஒருவர் சிங்களத்தில் 'எங்களை அழவைப்பது கஷ்டம்' என்று எழுதி, கூடவே முஸ்லிம்களை இழித்து ஒரு வார்த்தையும் போட்டார். அதற்கு ஒரு முஸ்லிம் கடைக்காரர் அரைகுறை ஆங்கிலத்தில், ரொம்பச் சிரிக்காதே, ஒருநாள் நீ அழுவாய் என்ற பொருளில் ஒரு வரி எழுதினார். மேலே இருந்த வரி இல்லாமல் இந்த வரி மட்டும் படமாகப் பரவியது. அடுத்த குண்டுவெடிப்புக்கான எச்சரிக்கை என்று வாசிக்கப்பட்டது. கூட்டம் கூடியது. பள்ளிவாசல்கள்மீதும் முஸ்லிம் கடைகள்மீதும் கல் விழுந்தது. மறுநாள் கலவரம் குளியாப்பிட்டி, மினுவாங்கொடை என்று வேறு ஊர்களுக்கும் வேறு கூட்டங்களுக்கும் பரவி, புத்தளம் மாவட்டத்தில் ஒரு முஸ்லிம் தச்சுத் தொழிலாளி கொல்லப்பட்டார். அரசாங்கம் ஃபேஸ்புக்கையும் வாட்ஸப்பையும் முடக்கியது.

தங்கள் பிள்ளைகளைப் புதைத்து மூன்று வாரமே ஆன ஜனங்களை இங்கிருந்து குற்றம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர்களுடைய பயம் மெய்யானது. கர்தினால் மால்கம் ரஞ்சித் அந்த நாட்களில் முஸ்லிம்கள்மேல் கைவைக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். பெரும்பாலான கிறிஸ்தவர்கள் கேட்கவும் செய்தார்கள். ஆனால் கேட்காத சில டஜன் பேரும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் போதுமாக இருந்தது.

வாட்ஸப்பில் அந்த இரட்டை அம்புக்குறித் தடை ஏன் வந்தது என்பதையும் இதையெல்லாம் தேடியபோதுதான் படித்தேன். 2018-ல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வருகிறார்கள் என்ற வதந்தியால் இந்தியாவில் பல இடங்களில் அடித்துக் கொன்றார்கள். அவற்றில் ஒன்று நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம். சென்னையிலிருந்து குலதெய்வம் கோயிலுக்கு வந்த குடும்பம். வழி கேட்க நிறுத்திய இடத்தில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயது அம்மா ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். அந்த வருடத்துச் சாவுகளுக்குப் பிறகுதான் ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாது என்று ஆக்கினார்கள். பலமுறை கைமாறிய செய்திக்கு 2020-ல் அதையும் ஒன்றாகக் குறைத்தார்கள். நான் காப்பி எடுத்து ஒட்டித் தாண்டிய வேலி அது.

திருத்தம்

குருவானவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். குரூப்பில் 'அந்தச் செய்தி உறுதிப்படுத்தப்படவில்லை' என்று ஒரு வரி போட்டால் போதுமா என்று கேட்டேன். அவர் வேதத்தில் வருகிற வரிவசூல்காரன் சகேயுவை நினைவுபடுத்தினார். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்கிறேன் என்றவன், யாரிடம் வாங்கினானோ அவர்கள் வீட்டுக்கு நடந்துதானே போயிருக்கவேண்டும்? "எங்கெல்லாம் அனுப்பினீங்களோ அங்கெல்லாம் போங்க. 'உறுதிப்படுத்தப்படவில்லை'ன்னு எழுதாதீங்க. பொய்னு எழுதுங்க. நீங்க அனுப்பினதுன்னும் எழுதுங்க" என்றார். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள் என்ற மலைப்பிரசங்க வசனத்தை அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் அதைத்தான் சொன்னார்.

அப்படியே எழுதினேன். முதலில் எங்கள் குரூப்பில். அந்த நர்சிங் பெண்ணின் பெயரைச் சொல்லி, நீ கேட்டதுதான் சரி, நான் பதில் சொல்லியிருக்கவேண்டும், மன்னித்துக்கொள் என்று எல்லார் முன்னும் கேட்டேன். பெரும்பாலோர் ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது ஆமென் வந்த இடத்தில் திருத்தத்துக்கு ஆறு பதில்கள் வந்தன. இரண்டு பேர் குரூப்பை விட்டுப் போனார்கள். இப்போது தாலிபானுக்கு வக்காலத்து வாங்குகிறீர்களா என்று ஒருவர் தனியாக எழுதினார். வளைகுடாவில் இருக்கும் சொந்தக்காரர் குரூப் ஒன்றில் என்னையே நீக்கிவிட்டார்கள். தெரிந்த ஒருவரிடம் சொல்லி அங்கே திருத்தத்தைப் போடவைக்க நான்கு மாதம் ஆயிற்று.

பாயிடம் நேரில் போனேன். அந்தச் செய்தி பொய், விசாரிக்காமல் போட்டுவிட்டேன், அதில் உங்கள் ஆட்களைப் பற்றி இருந்ததும் பொய் என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "எங்களுக்கும் இப்படித்தான் சார் தினமும் வருது, உங்க ஆளுங்களைப் பத்தி" என்றார். பிறகு டீ சொல்லி அனுப்பினார்.

பெரியம்மா வீட்டுக்குப் போவதுதான் கஷ்டமாக இருந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். "அப்படி யாரும் இல்லையா? நல்லது, யாரும் சாகலைல்லா" என்றார். அப்புறம் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பழைய டைரியை எடுத்து, 229 என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "சரி, அங்க நெசமா யாரு இருக்கா, பேரைச் சொல்லு" என்றார்.

எங்கள் குரூப்பின் இப்போதைய வழக்கம் அவர் கேட்டதிலிருந்து வந்ததுதான். பெயரோ, விசாரிக்கக்கூடிய ஒரு சபையோ அமைப்போ இல்லாத ஜெபக்குறிப்பைப் போடுவதில்லை. அனுப்புகிறவர் தாமே ஒருவரிடமாவது கேட்டிருக்கவேண்டும். மாத முதல் வெள்ளிக்கிழமை, போன மாதம் ஜெபித்த காரியங்கள் என்ன ஆயின என்று ஒவ்வொன்றாக வாசிக்கிறோம். குறிப்புகளின் எண்ணிக்கை நாலில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. அது பக்திக் குறைவு என்று சிலருக்கு இன்னும் வருத்தம் உண்டு.

மணிப்பூர் வந்தபோது

இந்த வழக்கம் போதாது என்பது 2023-ல் தெரிந்தது. மே 3 அன்று மணிப்பூரில் கலவரம் தொடங்கியது. ஆலயங்கள் எரிந்தன, இன்டர்நெட் துண்டிக்கப்பட்டது. டெல்லிப் பக்கத்தில் 2022-ல் கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் படத்தை மணிப்பூரில் நடந்ததென்று பரப்பி, அங்கே கோபத்தை மூட்டியிருக்கிறார்கள். அந்த மாதிரிப் படங்களைத் தடுக்க எங்கள் வழக்கம் உதவியது. ஆனால் ஜூலை 19 அன்று வெளியே வந்த வீடியோ, இரண்டு பெண்களை நிர்வாணமாக நடத்திக்கொண்டு போனது, பொய் அல்ல. நடந்தது மெய். பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரி ஒருவர் அழுதுகொண்டே அதைக் குரூப்பில் போட்டார். உலகம் பார்க்கட்டும், அப்போதாவது நியாயம் கிடைக்கும் என்பது அவர் எண்ணம்.

நான் அதை நீக்கினேன். இதுவரை நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி 'மெய்யா, பொய்யா' என்பது மட்டும். இங்கே அது உதவவில்லை. அந்தப் பெண்களில் ஒருத்தி என் மகளாக இருந்தால், 140 போன்களில் அவள் இருப்பதை நான் விரும்புவேனா என்றுதான் பார்க்க முடிந்தது. வீடியோவுக்குப் பதிலாக நடந்ததை நாலு வரியில் எழுதிப் போட்டேன், நிவாரண முகாம்களுக்குக் காணிக்கை எடுத்தோம். வீடியோ வெளிவந்ததால்தான் நாடே பேச ஆரம்பித்தது, நீங்கள் மூடிமறைக்கிறீர்கள் என்று அந்தச் சகோதரி என்னிடம் சண்டை போட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நாங்கள் இன்னும் அதில் ஒத்துப்போகவில்லை. ஒரே பெஞ்சில் உட்காருகிறோம்.

பதினோராவது இடம்

பதினோரு இடங்களில் பத்து இடங்களுக்குத் திருத்தம் போய்ச் சேர்ந்தது. பதினோராவது, என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு நண்பர். இந்துக் குடும்பம். என் விசுவாசத்தை மதித்தவர். நாங்கள் மதத்தைப் பற்றி அதிகம் பேசியதில்லை. அவருக்கு ஏன் அதை அனுப்பினேன் என்று இப்போதும் தெரியவில்லை. விரல் போன போக்கில் போயிருக்கும். மறுநாள் காலை அவர் பதில் எழுதியிருந்தார்: 'ரொம்ப கஷ்டமா இருக்கு. உங்க ஆட்கள் எவ்வளவு தைரியசாலிகள்.' நேரில் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவருடைய திருத்தத்தை மட்டும் கடைசிக்கு வைத்தேன். செப்டம்பர் முதல் வாரம் மாரடைப்பில் போய்விட்டார். அந்த உரையாடல் இன்னும் என் போனில் இருக்கிறது. நான் அனுப்பிய 229, அதன் கீழே இரண்டு நீல டிக், அதற்கும் கீழே அவர் எழுதிய இரண்டு வாக்கியம்.